கார் செட்டில் கரகரப்பா? ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை

கார் செட்டில் சத்தம் சரியில்லை என்றதும் நம்மில் பெரும்பாலானோர் முதலில் செய்வது ஸ்பீக்கரை மாற்றுவது. புது ஸ்பீக்கர் போட்டும் அதே கரகரப்பு வந்தால் அடுத்து பிளேயரை மாற்றுவது. அதற்கும் மசியவில்லை என்றால் "நாய்ஸ் ஃபில்டர்" என்று ஒரு குட்டி டப்பாவை வாங்கி மாட்டிவிட்டு, கொஞ்சம் குறைந்தது போலத் தோன்றுகிறது என்று மனதைத் தேற்றிக்கொள்வது. இந்த மூன்றுக்கும் சேர்த்துச் செலவான பணத்தில் நாலு டயரில் இரண்டையாவது மாற்றியிருக்கலாம்.

பெரும்பாலான சத்தக் கோளாறுகளுக்குக் காரணம் ஒரு லூஸ் எர்த் (மின்சாரம் வண்டியின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), அறுந்த ஒயர், மட்டமான மொபைல் சார்ஜர், அல்லது மாட்டாமல் விட்ட ஒரு நீல ஒயர். கோளாறு எங்கே என்பதை அந்தச் சத்தமே சொல்லிவிடும். எப்போது வருகிறது, எதைத் தொட்டால் மாறுகிறது என்று மட்டும் கவனித்தால் போதும். எலக்ட்ரீஷியன் வேலை தெரியாதவர்களும் இதைச் செய்யலாம்.

கையில் வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். இந்த வேலைக்கு அது போதும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற 1.5 வோல்ட் செல் ஒன்று, ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், இன்சுலேஷன் டேப், உப்புத்தாள் ஒரு துண்டு, இரண்டு மீட்டர் ஒயர், ஒரு டார்ச். டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியை, கழற்ற வேண்டி வந்தால் பிளாஸ்டிக் பட்டை வேண்டும். இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கிளிப் உடையும், பெயின்ட்டும் போகும்.

இடமும் முக்கியம். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்டியை நிறுத்திக்கொண்டு மெல்லிய இரைச்சலைத் தேட முடியாது. சித்திரை, வைகாசியில் மத்தியானம் வெயிலில் நின்ற வண்டியையும் சோதிக்க வேண்டாம்: டேஷ்போர்டுக்குள் வெந்துபோன பிளேயர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்று நின்று பாடும், அதைக் கோளாறு என்று நினைத்துவிடுவீர்கள். விடியற்காலை, மரத்தடி, அமைதியான தெரு. இன்ஜினை ஓடவிட்டுச் செய்யும் சோதனைகளை மூடிய ஷெட்டுக்குள் செய்யாதீர்கள், புகை உயிருக்கே ஆபத்து. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்துவிடுங்கள். வேட்டி நுனி, துப்பட்டா எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஒயர்களை இணைக்கும் மஞ்சள் நிறக் கப்ளர், மஞ்சள் உறை போட்ட ஒயர் எதையாவது ஸ்டீரிங், டேஷ்போர்டு, சீட்டுக்கு அடியில் பார்த்தால் தொட வேண்டாம். அது பெரும்பாலும் ஏர்பேக் ஒயர். ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டிகளில் தடித்த ஆரஞ்சு கேபிள் இருக்கும். அந்தத் திசைக்கே போகக் கூடாது. ஒயரைக் கழற்றும் வேலை என்றால் முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். சில கம்பெனி பிளேயர்கள் பேட்டரியைக் கழற்றியபின் கோட் நம்பர் கேட்கும். வண்டியோடு வந்த புத்தகத்தில் அது இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: காதால் சோதிப்பது

ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகச் செய்யுங்கள்.

1. சாவியை இன்ஜின் ஓடாத, செட் மட்டும் ஓடும் நிலைக்குத் திருப்புங்கள். வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள். ஏதாவது கேட்கிறதா?
2. வால்யூம் பூஜ்ஜியத்திலேயே இருக்க, இன்ஜினைக் கிளப்புங்கள். புதிதாகச் சத்தம் வருகிறதா?
3. மெதுவாக ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து சத்தமும் ஏறி இறங்குகிறதா?
4. இப்போது வால்யூமை ஏற்றுங்கள். இரைச்சலும் கூடவே ஏறுகிறதா, இல்லை அப்படியே நிற்கிறதா?
5. எஃப்.எம்., புளூடூத், யு.எஸ்.பி. பென் டிரைவ், ஆக்ஸ் (மொபைலை ஒயரில் சேர்க்கும் துளை) என்று ஒவ்வொன்றாக மாற்றிக் கேளுங்கள். எதில் வருகிறது, எதில் இல்லை?
6. பேலன்ஸ் (இடது, வலது), ஃபேடர் (முன், பின்) இரண்டையும் வைத்து, முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று ஒரு நேரத்தில் ஒரு ஸ்பீக்கரை மட்டும் பாடவிடுங்கள்.
7. ஹெட்லைட், ஏ.சி. புளோயர், வைப்பர், மொபைல் சார்ஜர், டேஷ்கேம் ஒவ்வொன்றையும் போட்டு அணைத்துப் பாருங்கள்.

இந்த ஏழில் நாலாவதுதான் தலையாயது. வால்யூமைக் கூட்டினால் இரைச்சலும் கூடுகிறது என்றால், சத்தம் வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்னாலேயே உள்ளே நுழைந்துவிட்டது: ஆன்டெனா, மொபைல், ஆக்ஸ் ஒயர், இல்லாவிட்டால் பாட்டே மோசமான பதிவு. வால்யூமைப் பூஜ்ஜியம் ஆக்கியும் இரைச்சல் அசையாமல் நிற்கிறது என்றால், அது அதற்குப் பின்னால் நுழைகிறது: ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்), அதையும் பிளேயரையும் இணைக்கும் ஆர்.சி.ஏ. கேபிள், எர்த். இந்த ஒரு பதில் தெரிந்தால் பாதி வண்டியைப் பிரிக்கும் வேலை மிச்சம்.

எஃப்.எம்.மில் மட்டும் இரைச்சல்

புளூடூத்தில் தெளிவாகப் பாடுகிறது, எஃப்.எம்.மில் மட்டும் கரகர என்கிறது என்றால் ஸ்பீக்கரை மறந்துவிடுங்கள்.

முதலில் அது வண்டியின் கோளாறுதானா என்று பாருங்கள். எஃப்.எம். அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகிறவை. நடுவில் மலை வந்தால் மங்கும்; மலையிலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பி வந்த அலையும் நேரே வந்த அலையும் மோதிக்கொண்டால், வண்டி ஓட ஓட விட்டு விட்டுச் சீறும். ஒத்தக்கடையில் யானைமலையை ஒட்டிப் போகும்போதும், நாகமலைக்கு மறுபக்கம் இறங்கும்போதும் ஸ்டேஷன் தடுமாறினால் அதற்கு வண்டியைத் திட்டிப் பயனில்லை. ஊருக்குள் ஒரே இடத்தில் நின்றுகொண்டு மிர்ச்சி 98.3, ஹலோ 106.4, பிறகு கொடைக்கானல் மலையிலிருந்து வரும் ஆகாசவாணியின் 100.5 மூன்றையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். உள்ளூர் நிலையங்களே கரகரக்கின்றன என்றால்தான் ஆன்டெனாவைச் சந்தேகிக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் இன்னொரு காரில் அதே நிலையம் எப்படிக் கேட்கிறது என்று பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்து ஆன்டெனாக் கம்பி. கூரையில் திருகி மாட்டும் கம்பியை வாட்டர் வாஷ் செய்யும்போது கழற்றுவார்கள். திரும்ப அரைகுறையாகத் திருகுவார்கள். அதைக் கழற்றி, மரையில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள். அழகுக்காக ஒட்டும் போலிச் சுறாத் துடுப்பு ஆன்டெனா வாங்கியவர்களுக்கு ஒரு சேதி: அதில் பலவற்றுக்குள் ஒன்றுமே கிடையாது, வெறும் பிளாஸ்டிக். அதை மாட்டுவதற்காக நிஜக் கம்பியைக் கழற்றிப் போட்டிருந்தால் கோளாறு அங்கேதான்.

கம்பெனி பிளேயரைக் கழற்றிவிட்டு ஆண்ட்ராய்டு செட் போட்ட நாளிலிருந்து எஃப்.எம். போய்விட்டது என்று பலர் சொல்வார்கள். பல வண்டிகளில் ஆன்டெனா அடியில் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் இருக்கும். அதற்கு 12 வோல்ட் போனால்தான் வேலை செய்யும். புது செட்டின் பின்னால் வரும் நீல ஒயரை, பல செட்டுகளில் அதன் மேல் ஆன்டெனா என்றே எழுதியிருக்கும், எங்கும் சேர்க்காமல் டேப் சுற்றி உள்ளே திணித்துவிட்டிருப்பார்கள். சில வண்டிகளில் அந்த 12 வோல்ட் ஆன்டெனாக் கேபிள் வழியாகவே போக வேண்டும். அதற்கென்று தனி அடாப்டர் கடையில் விற்கிறது. மாட்டியவரிடம் போய், "ஆன்டெனா ஆம்புக்கு சப்ளை கொடுத்திருக்கா?" என்று கேட்டால் போதும், புரிந்துவிடும்.

பிறகு சார்ஜர். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் மலிவு சார்ஜருக்குள், 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க ஒரு சர்க்யூட் நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடுகிறது. அந்தச் சிலுசிலுப்பு எஃப்.எம். அலைவரிசை வரை பரவும். டேஷ்கேமும், வெளியில் வாங்கி மாட்டிய எல்.இ.டி. ஹெட்லைட்டும் அதே இனம். சார்ஜரைப் பிடுங்கியதும், ஹெட்லைட்டை அணைத்ததும் எஃப்.எம். தெளிந்தால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டது. நல்ல கம்பெனிச் சார்ஜராக மாற்றுங்கள். டேஷ்கேம் ஒயர் ஆன்டெனாக் கேபிளோடு ஒரே தூண் வழியாகப் போகிறது என்றால் எதிர்ப்பக்கத் தூணுக்கு மாற்றிவிடுங்கள். ஃபாஸ்டேக் ஒட்டியபின்தான் இப்படி ஆனது என்று கப்பலூர் டோல்கேட்டைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. அது மின்சாரமே இல்லாத ஸ்டிக்கர், பாவம், அதை விட்டுவிடுங்கள்.

லைட்டர் சாக்கெட்டில் மாட்டி, மொபைல் பாட்டை எஃப்.எம். வழியாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பவர்கள், நிலையம் எதுவும் இல்லாத எண்ணைத் தேடி வைக்க வேண்டும். மதுரைக்குள் காலியாக இருந்த எண் ஆண்டிப்பட்டிக் கணவாய் தாண்டியதும் காலியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஊர் மாறினால் எண்ணையும் மாற்றுங்கள். நல்ல சத்தம் வேண்டுமென்றால் இந்தக் கருவியை நம்பாதீர்கள் என்பது என் கருத்து.

இன்ஜினோடு சேர்ந்து பாடும் "உய்ங்"

இன்ஜின் ஓடினால் மட்டும் வரும், மிதித்தால் ஏறும், காலை எடுத்தால் இறங்கும். வெளியே வாங்கி ஆம்ப், சப்வூஃபர் மாட்டியவர்களுக்குப் பெரும்பாலும் வருகிற வியாதி இது. ஆல்டர்னேட்டர், மெக்கானிக்குகள் பலர் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள், இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தயாரிக்கும்போது ஒரு சின்ன அதிர்வையும் சேர்த்தே தருகிறது. எல்லா வண்டியிலும் இது உண்டு. அது பாட்டுக்குள் நுழைய வழி கிடைத்ததுதான் கோளாறு.

அந்த வழி பெரும்பாலும் எர்த். டேஷ்போர்டில் இருக்கும் பிளேயர் ஓரிடத்தில் பாடியில் எர்த் ஆகிறது, டிக்கியில் இருக்கும் ஆம்ப் வேறிடத்தில். இரண்டு இடமும் ஒரே மட்டத்தில் இருந்தால் தொல்லை இல்லை. ஆம்பின் எர்த் துருவிலோ பெயின்ட் மேலோ உட்கார்ந்திருந்தால் மட்டம் மாறிவிடும். மட்டம் மாறிய இரண்டு கண்மாய்க்கு நடுவில் வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் தானே ஓடுவது போல, பிளேயரையும் ஆம்பையும் இணைக்கும் ஆர்.சி.ஏ. கேபிளின் மேல்வலை வழியாக மின்சாரம் ஓடும். அந்த ஓட்டம்தான் "உய்ங்".

சரிசெய்யும் வரிசை இது.

ஆம்பின் எர்த் ஒயரைப் பின்தொடர்ந்து அது பாடியில் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். அந்த போல்ட்டைக் கழற்றி, அடியில் இருக்கும் பெயின்ட்டைப் பளபளவென்று இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். ஒயர் நுனியில் லக் என்ற உலோக வளையம் போட்டு, பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்குங்கள். வேலை முடிந்ததும் சுற்றிலும் கொஞ்சம் கிரீஸ் தடவினால் துரு ஏறாது. எர்த் ஒயர் பவர் ஒயருக்குச் சமமான தடிப்பில், 45 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் எடுக்கக் கூடாது. பலர் எடுக்கிறார்கள், விபத்தில் நம்மைப் பிடித்து நிறுத்த வேண்டிய போல்ட் அது.

பிறகு மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை ஆம்பின் எர்த் முனையிலும் வையுங்கள். கேபிள் எட்டாது, கையிலிருக்கும் இரண்டு மீட்டர் ஒயரும் பத்தாது என்றால் இன்னொரு துண்டை முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓட, பாட்டும் சத்தமாக ஓடும்போது 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் ஏற ஏற எர்த்தில் கோளாறு என்று பொருள்.

எர்த் சரியாக இருந்தும் "உய்ங்" போகவில்லையா? செட்டை முழுக்க அணைத்துவிட்டு, ஆம்பில் இருந்து ஆர்.சி.ஏ. கேபிள்களைப் பிடுங்குங்கள். அணைக்காமல் பிடுங்கினால் "டமார்" என்று வெடிப்பதோடு, சில பிளேயர்களுக்குள் ஆர்.சி.ஏ. எர்த்தைக் காக்கும் கடுகளவு பியூஸ் ஒன்று போய்விடும். மறுபடி ஆன் செய்யுங்கள். சத்தம் போய்விட்டதா? அப்படியென்றால் அது கேபிள் வழியாகவோ பிளேயரில் இருந்தோ வருகிறது. இன்னும் இருக்கிறதா? ஆம்பின் பவர், எர்த் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

கேபிள் வழியாக வருகிறது என்றால் அது போகிற பாதையைப் பாருங்கள். மாட்டியவர் அவசரத்தில் பவர் கேபிளையும் ஆர்.சி.ஏ. கேபிளையும் ஒரே பக்கம், ஒரே டேப்பில் கட்டி இழுத்திருப்பார். பவர் இடதுபக்கம் போனால் சிக்னல் வலதுபக்கம் போக வேண்டும். குறுக்கே வெட்டிப் போக வேண்டி வந்தால் சிலுவை மாதிரி செங்குத்தாக வெட்ட வேண்டும். மேலே சொன்ன கடுகுப் பியூஸ் போயிருக்கிறதா என்றும் இப்போதே பார்த்துவிடலாம்: செட்டை அணைத்துக் கேபிள்களை மறுபடி மாட்டி, ஆன் செய்து, ஒரு ஒயரின் ஒரு முனையைப் பிளேயரின் இரும்பு உடம்பிலும் மறுமுனையை ஆர்.சி.ஏ. பிளக்கின் வெளிவளையத்திலும் தொடுங்கள். தொட்ட கணம் சத்தம் நின்றால் பியூஸ் போய்விட்டது, பிளேயரைச் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும்.

ஆம்ப் எதுவும் இல்லாத, கம்பெனி செட் மட்டும் உள்ள வண்டியில் புதிதாக "உய்ங்" வருகிறது என்றால் டைனமோவையே பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் டி.சி. இருப்பது வழக்கம், சில புது வண்டிகள் எரிபொருளை மிச்சப்படுத்த அவ்வப்போது இதைக் குறைக்கும். பிறகு மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி, ஹெட்லைட்டையும் புளோயரையும் போட்டு, அதே பேட்டரியில் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நலம். 0.5ஐத் தாண்டினால் டைனமோவுக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் ஓடவிடும் டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். அது பாட்டை மட்டுமல்ல, பேட்டரியையும் சீக்கிரம் தின்றுவிடும். மலிவு மீட்டர்கள் இந்த இடத்தில் 28 வோல்ட் என்று காட்டிப் பயமுறுத்தும். முனைகளை மாற்றி வைத்துப் பாருங்கள். உடனே பூஜ்ஜியம் காட்டினால் மீட்டருக்குத்தான் குழப்பம், டைனமோவுக்கு இல்லை.

ஆக்ஸ் ஒயரில் பாட்டும், அதே நேரம் சார்ஜும் போட்டால் மட்டும் "உய்ங்" வருகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது. இதுவும் அதே எர்த் கதைதான், மொபைல் வழியாக. இதற்கு மட்டும் கடையில் விற்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர், அதாவது இரண்டு எர்த்தையும் பிரித்துவைக்கும் குட்டி டப்பா, நியாயமான மருந்து. ஆக்ஸ் ஒயருக்கு நடுவில் சொருகினால் போதும். ஆம்ப் எர்த் கோளாறை மறைக்க இதே டப்பாவை ஆர்.சி.ஏ.வில் மாட்டுவதை நான் ஏற்கமாட்டேன். பாஸ் குறையும், துருப்பிடித்த எர்த்தும் அப்படியே அங்கே சூடாகிக்கொண்டிருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் பாடவில்லை, அல்லது கிழிகிறது

பேலன்ஸ், ஃபேடரை வைத்து எந்த ஸ்பீக்கர் என்று முன்பே கண்டுபிடித்திருப்பீர்கள். டோர் பேடைக் கழற்றுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை: பாட்டு ஓடும்போது அந்தக் கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். பாட்டு விட்டு விட்டு வந்தால் கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய்க்குள் இருக்கிறது. உசிலம்பட்டிச் சித்தப்பா ஒருவரின் பழைய வண்டியில் டிரைவர் பக்கம் இப்படித்தான். கதவைத் திறந்தால் பாடும், சாத்தினால் ஊமை. ரப்பர் குழாயை உருவி ஒவ்வொரு ஒயராக விரலுக்கு நடுவில் வைத்து நீவிக்கொண்டே வந்தால், ஒன்று மட்டும் ஓரிடத்தில் சட்டென்று துவண்டது. மேலே பிளாஸ்டிக் உறை முழுசாக இருக்கிறது. வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்துப் பொடிப்பொடியாகக் கொட்டின. ஆயிரக்கணக்கான தடவை மடங்கி நிமிர்ந்த ஒயர் அது. அங்கே இரண்டு அங்குலம் புது ஒயர் சேர்த்து, ஈயம் வைத்து, உறை போட்டால் முடிந்தது. முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்கு மறுபடி வரும்.

கதவை அசைத்தும் மாற்றம் இல்லை என்றால் டோர் பேடைக் கழற்றி, செட்டை அணைத்து, ஸ்பீக்கரின் ஒயர்களைப் பிடுங்கி, மீட்டரை ஓமில் வைத்து அளந்து பாருங்கள். காரில் வருவது பெரும்பாலும் 4 ஓம் ஸ்பீக்கர்; மீட்டரில் 3 முதல் 4 வரை காட்டினால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) நலம். ஒன்றுமே காட்டவில்லை என்றால் சுருள் எரிந்துவிட்டது. பிறகு 1.5 வோல்ட் செல்லின் பிளஸ்ஸை ஸ்பீக்கர் பிளஸ்ஸிலும், மைனஸை மைனஸிலும் ஒரு கணம் மட்டும் தொட்டு எடுங்கள். "டப்" என்ற சத்தத்தோடு கோன் (ஸ்பீக்கரின் முன்பக்கம் அதிரும் கூம்பு) வெளியே துள்ள வேண்டும். சத்தம் வந்தும் கிழிசலாக இருந்தால், கோனின் இரண்டு பக்கமும் விரல் வைத்து, சமமாக, மெதுவாக உள்ளே அழுத்திப் பாருங்கள். உள்ளே மணல் உரசுவது போல ஒரு நறநறப்பு விரலுக்குத் தெரிந்தால் சுருள் காந்தத்தில் உரசுகிறது. அதைச் சரிசெய்ய நினைக்காதீர்கள், அந்த ஒரு ஸ்பீக்கரை மாற்றுங்கள், முடிந்தால் ஜோடியாக.

நறநறப்பும் இல்லை, ஆனால் பாஸ் அடிக்கும்போது மட்டும் கடகட என்கிறதா? ஸ்பீக்கர் ஸ்க்ரூ லூஸாக இருக்கலாம், டோர் பேட் கிளிப் உடைந்திருக்கலாம். டோர் பாக்கெட்டில் கிடக்கும் சில்லறைகூட அப்படிச் சத்தம் போடும். பாடவிட்டுக்கொண்டே கையால் அங்கங்கே அழுத்தினால் எந்த இடம் என்று தெரிந்துவிடும். டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துத் தூக்கிப் போட வேண்டாம். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். ஐப்பசி மழையில் கோன் ஊறி உப்பிய ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் பார்த்தால் அந்தத் தாள் இருக்காது.

சத்தம் வருகிறது, உயிர் இல்லை

புது ஸ்பீக்கர் போட்டபின் பாஸே இல்லை, பாட்டு சொங்கியாகக் கேட்கிறது என்றால், ஒரு பக்க ஒயர் பிளஸ், மைனஸ் மாறியிருக்கலாம். ஒரு கோன் வெளியே வரும்போது மற்றது உள்ளே போனால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். கண்டுபிடிப்பது எளிது: ஃபேடரை முன்பக்கம் வைத்து, பேலன்ஸை நடுவிலிருந்து முழுக்க ஒரு பக்கம் தள்ளுங்கள். ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடும்போது பாஸ் கூடி, இரண்டும் பாடும்போது குறைந்தால் ஒயர் மாறியிருக்கிறது. வெளியில் வாங்கும் செட்டுகளில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு உள்ளது மைனஸ். மஞ்சள் எப்போதும் வரும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த். வண்டிப் பக்கத்து ஒயர்களுக்கு இந்த நிறக்கணக்கு செல்லாது, மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று: ஸ்பீக்கர் மைனஸ் என்பது எர்த் அல்ல. மிகப் பழைய வண்டிகளில் இருந்தது போல அதைப் பாடியில் தட்டிவிட்டால், இன்றைய செட்டின் உள்ளே இருக்கும் ஐ.சி. சிப் போய்விடும்.

வால்யூமை ஏற்றினால் மட்டும் கிழிகிறது என்றால் பெரும்பாலும் நாம்தான் காரணம். பாஸ் பூஸ்ட், லவுட்னஸ், ஈக்வலைசர் எல்லாவற்றையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து கேளுங்கள். கிழிசல் போய்விட்டால் ஒவ்வொன்றாக, கொஞ்சமாக ஏற்றுங்கள். பெட்டியில் "50 வாட் x 4" என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். தொடர்ந்து தரக்கூடியது ஒரு சேனலுக்கு 15, 20 வாட்தான். அதற்கு மேல் முறுக்கினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, முதலில் ட்வீட்டர் (கீச்சுச் சத்தம் தரும் குட்டி ஸ்பீக்கர்) எரியும்.

ஆம்பில் கெயின் என்று ஒரு திருகு இருக்கும். அது இரண்டாவது வால்யூம் இல்லை, பிளேயர் தரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்துவது. கெயினை அடிமட்டத்தில் வையுங்கள். பிளேயர் வால்யூமை முக்கால் பங்கு ஏற்றுங்கள். தெளிவான பாட்டு ஒன்றைப் போட்டு, கெயினை மெதுவாகத் திருகிக்கொண்டே போய், கிழிய ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்திக் கொஞ்சம் பின்னால் வாருங்கள். "ஸ்ஸ்" என்று ஓயாத மெல்லிய சீறல் கேட்கும் வண்டிகளில் பாதிக்கு இதுவே மருந்து.

மொபைலில் வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டு பிளேயரில் முழுக்க ஏற்றினாலும் அதே சீறல் வரும். மொபைலில் 80, 90 சதவீதம், மிச்சத்தை பிளேயரில். வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வந்த பாட்டையோ, கேசட்டிலிருந்து எடுத்த பழைய பதிவையோ வைத்து செட்டைச் சோதிக்காதீர்கள். அந்தச் சீறல் பாட்டோடு பிறந்தது.

மழையும் எலியும்

இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வண்டியை வயல் பக்கமோ குப்பைத்தொட்டி பக்கமோ நிறுத்துகிறவர்கள் திடீர்க் கோளாறு வந்தால் முதலில் பானெட்டைத் திறந்து, டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். எலிப்புழுக்கை தெரிந்தால் ஒயர்களை நீளத்துக்கும் பாருங்கள். பாட்டு மட்டும் போனதோடு தப்பித்தீர்கள் என்றால் அதிர்ஷ்டம். மழைக்குப் பின் வந்த கரகரப்பு வெயில் ஏறியதும் போய்விட்டால், தண்ணீர் இறங்கும் ஒரு கப்ளர் எங்கோ இருக்கிறது: கூரை ஆன்டெனா அடி, டிக்கி ஓரம், கதவு ரப்பர் மூன்றையும் பாருங்கள்.

கடைக்குப் போக வேண்டி வந்தால்

"அண்ணே, செட்டுல சத்தம் சரியில்ல, பாருங்க" என்றால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது; கையில் இருக்கிற புது ஸ்பீக்கரைக் காட்டுவார். தாளில் எழுதியதைச் சொல்லுங்கள்.

"அண்ணே, இன்ஜின் ஓடுறப்ப மட்டும் உய்ங்குனு வருது. மிதிச்சா ஏறுது. வால்யூம் ஜீரோவுல வச்சாலும் கேக்குது. எஃப்.எம்., புளூடூத் ரெண்டுலயும் ஒரே மாதிரிதான்."

"அப்ப எர்த்துதான் தம்பி. ஆம்ப் எங்க இருக்கு, சீட்டுக்கு அடியிலயா, டிக்கியிலயா?"

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர் வேலை தெரிந்தவர். வண்டி வாரண்டியில் இருந்தால் கம்பெனி ஒயரை வெட்ட விடாதீர்கள். அந்த மாடலுக்கென்றே கப்ளர் கிடைக்கும், கழற்றி மாட்டிக்கொள்ளலாம். கழற்றிய பழைய ஸ்பீக்கரைத் திரும்பக் கேட்டு வாங்கி, வீட்டில் மீட்டர் வைத்துப் பாருங்கள், 3.5 ஓம் காட்டிச் செல்லுக்கு "டப்" என்று துள்ளினால், அடுத்த முறை வேறு கடை.

காசு கொடுப்பதற்கு முன் இன்ஜினைக் கிளப்பி, ஹெட்லைட், ஏ.சி., வைப்பர், மொபைல் சார்ஜர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்து ஒரு தடவை, முக்கால்வாசி ஏற்றி ஒரு தடவை கேட்டுவிடுங்கள். நாலு கதவையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.